ஐஸுக்கு ஒன்று

ஜெனில் மேசைக்கு அடியில் நுழைந்து, சுவரிலிருந்து வந்த பழைய டெலிபோன் வயரைப் பிடித்தான். குளோரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"சேச்சி, ஒந்நு மாறித் தருமோ?" என்றான் அவன் உள்ளேயிருந்து.

அவள் சுவரோரமாக நகர்ந்து நின்றாள். அந்த வயர் அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அங்கே இருந்தது. மேல்தோல் கறுத்து, ஒரு இடத்தில் எலி கடித்து, அதன்மேல் யாரோ பிளாஸ்திரி சுற்றியிருந்தார்கள். மழை பெய்தால் அதில் இரைச்சல் வரும். பெரிய மழை என்றால் இரண்டு நாள் போன் செத்துக் கிடக்கும். ஆள் வந்து கம்பத்தில் ஏறிச் சரிசெய்துவிட்டுப் போவான். ஆட்கள் வருவது குறைந்துபோனதும், முதலாளியின் மருமகன் அனில், எல்லா லைனையும் நெட் வழியாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து ஜெனிலை வரவழைத்திருந்தார். திருப்புறத்திலிருந்து பூவாறுக்குப் போகும் ரோட்டில் பெத்லகேம் ஐஸ் கம்பெனி. ஐஸ் அடிக்கும் இடம், மீன் வைக்கிற குளிர் அறை, கணக்கு ஆபீஸ், லாரி நிற்கும் முற்றம். வெளியிலிருந்து வரும் போன் முதலில் குளோரியிடம் வரும். அவள் கேட்டுவிட்டு உரிய அறைக்குத் தள்ளிவிடுவாள். அதற்குத்தான் சம்பளம்.

செல்போன் ஒலித்தது. மாமியார்.

"கஞ்சி அடுப்புல இருக்கு அத்தே. சூடாக்கிக் குடியுங்க. நான் சாயங்காலம் வாறேன்."

மேசைக்கு அடியிலிருந்து தலை வெளியே வந்தது. "அக்கா தமிழா? முதல்லயே சொல்லப்பிடாதா? காலத்த இருந்து மலையாளம் பேசிப் பேசி எனக்க நாக்கு வளைஞ்சு போச்சு."

"நீ எந்த ஊரு?"

"வெள்ளறடைக்கு அங்கிட்டு. வீட்டுல எல்லாருக்கும் ரப்பர் வெட்டாக்கும் வேலை. எனக்கு மட்டும் வயர் வெட்டு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "அந்த வயரை வெட்டிருவியா?" என்றாள்.

"இனி எதுக்கு இது? புது நம்பர் வந்தாச்சு. கடைசியில மூணு பூஜ்யம். கண்ணை மூடிட்டு ஓர்மை வைக்கலாம்."

"பழைய நம்பர்?"

"அது போயிரும்."

"அதை இதுக்குள்ள கொண்டுவர முடியாதா?"

"மொபைல்னா கம்பெனி மாறினாலும் நம்பர் கூட வரும். லேண்ட்லைன் அப்பிடி வராது அக்கா. அதுக்கு அந்த வயர் தான் உயிரு."

குளோரி அவன் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். பிறகு, "எனக்க வீட்டுக்காரரு அந்த நம்பர்லதான் விளிப்பாரு" என்றாள்.

ததேயூஸ் வளைகுடாவில் ஒரு அரபியின் படகில் டிரைவராக இருந்தான். மீன் பிடிக்கப்போன இடத்தில் எல்லை தாண்டியதாகச் சொல்லி வேறொரு நாட்டுக் கப்பல் படகோடு கொண்டுபோனது. படகில் அவனையும் சேர்த்து இந்தக் கரைக்காரர்கள் மூன்றுபேர். மற்ற இருவரில் ஒருவன் பாதியிலேயே நோய் கண்டு திருப்பி அனுப்பப்பட்டான். மற்றவன் மெல்பின், கல்யாணமான புதிதில் போனவன். சிறையில் சேர்க்கும்போது எந்த நம்பருக்குப் பேசவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். எழுதியது எழுதியதுதான். மாற்ற மனு கொடுக்கலாம். கொடுத்தவர்களுக்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை. மெல்பின் தன் மனைவி அபினாவின் செல் நம்பரைச் சொன்னான். ததேயூஸுக்கு மனைவியின் செல் நம்பர் நினைவில் இல்லை. சலுகை வரும்போதெல்லாம் சிம் மாற்றுவது குளோரியின் வழக்கம். அவனுக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே நம்பர்தான். கடற்கரையில் எல்லா நீலநிற ஐஸ் பெட்டியிலும் வெள்ளை பெயின்டில் அதை எழுதியிருந்தார்கள். அவன் சிறுவயதிலிருந்தே அதன்மேல் உட்கார்ந்து வந்தவன்.

முதல் வருடம் மாதத்துக்கு ஒருமுறை பேசினான். லைனில் இரைச்சல், பின்னால் ஆட்களின் கூச்சல். என்ஜின் பக்கத்திலேயே கிடந்து அவனுக்குக் காது மந்தம். "சத்தமா பேசுட்டீ" என்பான். அவள் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி, மாமியாரின் முட்டுவலி பற்றியும், பிள்ளை பள்ளிக்கூடம் மாறியது பற்றியும் கத்துவாள். கணக்கு எழுதும் ஜெஸ்மி எழுந்து வெளியே போய்விடுவாள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. இந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முறை கிடைக்கவில்லை, கிடைத்ததும் பேசுவான் என்று மெல்பின் அபினாவிடம் சொல்லியிருந்தான். அதுவரை போன் ஒலிக்கும்போதெல்லாம் குளோரி இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள்.

ஜெனில் வயரை விட்டுவிட்டு எழுந்தான். சட்டையில் தூசு. அவன் பைக்குள் தேடி, சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். "வேற இடத்துல கழட்டினது. பழைய லைனை இதுல சொருகினா, இது அதை நெட்டுக்குள்ள கொண்டுபோய்ப் புது சிஸ்டத்துல விட்டுரும். அனில் சார்கிட்ட நான் பேசுதேன்."

அனில் போனிலேயே சரி என்றார். பழைய வாடிக்கைக்காரர்கள் புது நம்பருக்கு மாறும்வரை இருக்கட்டும், பிறகு சரண்டர் செய்துவிடலாம் என்றார். "பட்சே, எல்லா காலும் ரெக்கார்டிங் வழி வரணம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முழுக்க ஜெனில் தவித்தான். வெளியிலிருந்து கூப்பிட்டால் போன் அடித்தது. எடுத்தால் ஒருபக்கம் மட்டும் கேட்டது. குளோரி பேசுவது முற்றத்தில் நின்றவனுக்குக் கேட்டது. அவன் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. லோடுக்காரர் சுயம்பு ஜன்னலில் வந்து நின்று பார்த்தார்.

"எலே, இதுக்கா நெட்டு? எனக்க வீட்டுல இது ஓசியா உண்டு. அவ பேசுதது எனக்குக் கேக்கும், நான் பேசுதது அவளுக்குக் கேக்காது."

"ரூட்டர்ல வாசல் அடைஞ்சு கிடக்கு அண்ணாச்சி. திறந்தா சரியாயிரும்."

மாலை நான்குமணி பஸ் போனபிறகு வாசல் திறந்தது. ஜெனில் முற்றத்திலிருந்து, "அக்கா, கேக்குதா?" என்றான். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. இரைச்சலே இல்லை. குளோரிக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படிக் கேட்டால் கத்தவேண்டியதில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மெதுவாகவே சொல்லலாம்.

கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்கும் ரெக்கார்டிங்குக்குக் குரல் வேண்டும். திருவனந்தபுரத்தில் அதற்கென்று பெண்கள் இருக்கிறார்கள், வெளியே செலவு எதற்கு, குளோரி பேசட்டும் என்று அனில் சொல்லிவிட்டார். முதலில் மலையாளம், பிறகு இங்கிலீஷ், கடைசியில் தமிழ். குளச்சலிலிருந்து வரும் லாரிக்காரர்களுக்காகத் தமிழ். இங்கிலீஷ் வரிகளை ஜெஸ்மி மலையாள எழுத்தில் எழுதிக்கொடுத்தாள். குளோரி அதைப் பலமுறை படித்துப் பார்த்தாள். ஜெனில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான்.

"மெல்லப் பேசுங்க அக்கா. சிரிச்சிட்டுப் பேசுங்க. சிரிச்சா சத்தத்துல தெரியும்."

"எனக்குச் சிரிப்பு வராது மக்கா."

"சும்மா வாயை மட்டும் சிரிக்கிற மாதிரி வையுங்க. அது போதும்."

அவள் வாயை அப்படி வைத்துக்கொண்டு பேசினாள். நமஸ்காரம், பெத்லகேம் ஐஸிலேக்கு ஸ்வாகதம். ஐஸினாயி ஒந்நு அமர்த்துக. மீனினாயி ரண்டு அமர்த்துக. கணக்குக்கு மூன்று. திரும்பப் போட்டுக் கேட்டபோது, யாரோ படித்த பெண் பேசுவதுபோல இருந்தது. ஜெஸ்மி கை தட்டினாள்.

"பழைய நம்பர்ல விளிச்சாலும் இதுதான் கேக்குமா?"

"ஆமா."

"பொறவு எனக்கு வருமா?"

"ஒண்ணும் அமத்தாம நின்னா, எல்லாம் சொல்லி முடிஞ்சதும் நேரே உங்களுக்குத்தான் வரும்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. தான் கக்கூசுக்குப் போயிருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவன் கூப்பிட்ட உடனே தன் குரல் கேட்கும். யார் யாரோ எடுத்து, 'ஹலோ, ஆரா?' என்று அதட்டமாட்டார்கள். முதல் வார்த்தையே அவளுடையதாக இருக்கும். அன்று வீட்டுக்குப் போகும்போது அதை நினைத்துக்கொண்டே போனாள்.

அடுத்த வாரங்களில் அவள் மேசை அமைதியாகிவிட்டது. ஐஸ் வேண்டியவர்கள் ஒன்றை அழுத்திச் சுயம்புவிடம் போனார்கள். சுயம்பு வேலை இல்லாதபோது முற்றத்திலிருந்தே கூப்பிட்டு அவள் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். "ஏட்டீ குளோரி, போன்ல கேட்டா தேன். நேர்ல கேட்டா ஐஸ் அரைக்கிற மாதிரி இருக்கு. எது நீ?" என்று கேட்டார். அவள், "சம்பளம் வாங்குதது இது" என்றாள். ஓணம் வந்து போனது. போன் ஒலிக்கும்போது இப்போதும் அவள் இரண்டாவது மணிக்குள் எடுத்தாள். ஒன்றும் அழுத்தத் தெரியாத வயதானவர்கள், தவறிக் கூப்பிட்டவர்கள். அவன் இல்லை.

ஐப்பசி மழையில் மெல்பின் வந்துவிட்டான் என்ற செய்தி வந்தது. விமானநிலையத்தில் கரையின் பாதிப்பேர் போய்க் கூட்டிவந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குளோரி அவன் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். ஒரு தட்டில் மிட்டாய். மெல்பின் மெலிந்து, தலைமுடி ஒட்ட வெட்டி, புதுச்சட்டையில் இருந்தான். சட்டையில் மடிப்பு கலையவில்லை. எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் நிறுத்தினான்.

"இருங்க மைனி" என்றான். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் காத்திருந்தாள். ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அபினா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அவரு எப்பிடி இருக்காரு?"

"உண்டு. சாப்பாடு உண்டு, தூக்கம் உண்டு. வேற என்ன?"

"எப்ப விடுவினும்?"

"டிரைவர் அவருதானே. படகு ஓட்டினவனுக்குத் தண்டனை கூடுதலாக்கும். எனக்குக் கழிஞ்சுது. அவருக்கு ஆகல."

"போன் முறை வரலியா இன்னும்?"

மெல்பின் கிளாசைக் கையில் எடுத்தான், குடிக்கவில்லை. "அவருக்க முறையைத் தூத்துக்குடிக்காரன் ஒருத்தனுக்குக் குடுத்தாச்சு. எனக்கு இனி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு மைனிக்குத் தெரியாதா?"

அபினா, "பேசாம இருங்க" என்றாள்.

"நான் என்ன பேசுதேன்? ஓணத்துக்கு முந்தி விளிச்சாருல்லா. அத்தனை மாசம் கழிச்சு முறை கிடைச்சுது. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க எடுத்தீங்க. அவரு, எட்டீ, நானாக்கும், ததேயூஸாக்கும்னு சொல்லுதாரு. நீங்க நமஸ்காரம்னு சொல்லுதீங்க. சத்தம் ரிசீவருக்கு வெளிய எனக்கே கேட்டுது மைனி. அவரு அம்மா எப்பிடி இருக்கான்னு கேக்காரு. நீங்க நிறுத்தாம என்னெல்லாமோ மலையாளம் பேசுதீங்க. ஆபீஸ்ல யாராவது நிப்பினும், அதான் இப்பிடிப் பேசுதாங்கன்னு நான் சொன்னேன். அவரு தலையாட்டினாரு. கொஞ்சம் பொறுத்தாரு. பொறவு நீங்க இங்கிலீஷ்ல பேசினீங்க. அப்ப வச்சிட்டாரு."

குளோரி டீ கிளாசைத் தரையில் வைத்தாள்.

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியும்னு எனக்குத் தெரியாதுலேன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு முழுக்கச் சொல்லல. மறுநாள், ஊருக்குப் பேசும்போது இதைச் சொல்லப்பிடாதுன்னாரு."

"அது நான் இல்ல" என்றாள் குளோரி.

"உங்க சத்தம் எனக்குத் தெரியாதா மைனி? இந்த வீட்டுல வந்து எத்தனை சண்டை போட்டிருப்பீங்க."

"எனக்க சத்தம்தான். மெஷினாக்கும் அது."

மெல்பினுக்குப் புரியவில்லை. அபினாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் கையிலிருந்த தட்டை நாற்காலியில் வைத்தாள். "மொபைல் கம்பெனிக்கு விளிச்சா ஒருத்தி பேசுவாளே, அதுபோலயா? உங்க சத்தத்துல வச்சிருக்காவளா?"

"ஆமா."

"நேர்ல நீங்க?"

"பக்கத்துல இருந்திருப்பேன். போன் அடிக்கல."

 வெளியே யாரோ மெல்பினின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். மெல்பின் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பிவந்தான்.

"நான் அங்க இருந்தப்ப இதைச் சொல்லியிருந்தா..." என்றான். "இப்ப யாரு சொல்லுவா? நம்ம கரையில வேற ஆளு இல்ல அங்க. தூத்துக்குடிக்காரன்கிட்டயும் சொல்ல முடியாது. நான் கிளம்புததுக்கு முந்தியே அவரை வேற ஜெயிலுக்குக் கொண்டுபோயாச்சு. தண்டனை கூடினவங்களை வைக்கிற இடம். மலை தாண்டி."

"எழுதினா?"

"எழுதலாம். எம்பசியில குடுப்பினும். குடுத்தா அவரு வாங்கணும்லா மைனி."

பஸ் நிறுத்தத்தில் மீன்கூடைப் பெண்கள் இரண்டுபேர் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூடைகள் காலி. குளோரி தள்ளி நின்று செல்போனை எடுத்துப் பழைய நம்பரைக் கூப்பிட்டாள். இதுவரை அவள் அதை வெளியிலிருந்து கூப்பிட்டதில்லை. ஒரு மணி அடித்தது. உடனே எடுத்தார்கள்.

நமஸ்காரம் என்றாள் அவள். சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்படி ஒருநாளும் அவள் ததேயூஸிடம் பேசியதில்லை. கல்யாணத்தன்றுகூட. ஐஸுக்கு, மீனுக்கு, கணக்குக்கு. ஒவ்வொன்றுக்கும் இடையில் சின்ன இடைவெளி இருந்தது. அழுத்துவதற்கு நேரம் கொடுக்க ஜெனில் வைத்த இடைவெளி. ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்க அது போதும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க. கேட்டு முடித்ததும் அவள் அடுத்ததைச் சொன்னாள். பிறகு இங்கிலீஷ் வந்தது. அவன் அங்கேதான் வைத்தான். அவள் வைக்கவில்லை. தமிழ் வந்தது. அதிலும் அதே சிரிப்பு. பிறகு எல்லாம் ஓய்ந்து, பூட்டிக்கிடந்த ஆபீசில் அவள் மேசையிலிருந்த போன் அடிக்கத் தொடங்கியது. அடிப்பதை அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பஸ் வந்து நின்றது. கூடைப்பெண்களில் ஒருத்தி, "ஏறலியாம்மா?" என்று கேட்டாள். குளோரி கையால் இல்லை என்று காட்டினாள்.

திங்கட்கிழமை ஜெனிலைக் கூப்பிட்டாள். அவன் அதியன்னூரில் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மத்தியானம் வந்தான். நடந்ததை அவள் சொல்லவில்லை.

"பழைய லைனை மட்டும் நேரே எனக்க போனுக்கு ஆக்க முடியுமா? ரெக்கார்டிங் இல்லாம?"

"ஏன் முடியாது?"

அவன் லாப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினான். ஒரு இடத்தில் இருந்ததை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தான். மூடினான்.

"ஆச்சு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே..." அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "விளிச்சாரா அக்கா?"

"விளிச்சாரு."

அவன் லாப்டாப்பைப் பையில் வைத்தான். மறுபடி வெளியே எடுத்தான். ஏதாவது செய்யமுடியுமா என்று பார்ப்பவன்போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதையும் மூடினான். அனில் குளிர் அறையிலிருந்து கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். என்ன வேலை என்று கேட்டார். ஜெனில் சொன்னான்.

"அதினு எந்தினா இப்போ? ஈ மாசம் முப்பதினு சரண்டர் அல்லே" என்றார் அனில். கோபமில்லாமல்தான் சொன்னார். "அபேட்ச கொடுத்து கழிஞ்ஞு" என்றும் சொன்னார். லைனைத் திருப்பிக்கொடுக்க மனு போயாகிவிட்டது.

ஜெனில் குளோரியைப் பார்த்தான். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பழைய நம்பரில் வருவது நேரே அவளிடம் வந்தது. அதிகம் வரவில்லை. பெட்டியில் எழுதியதைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் மட்டும். கம்பெனிப் பெயரைச் சொல்லி எடுக்கவேண்டும் என்பது முறை. அவள் அதை விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் அது ஒலித்தது. மழை விட்டு வெயில் அடித்திருந்தது. அவள் எடுத்தாள்.

"நானாக்கும்" என்றாள். "குளோரி. நானேதான் பேசுதேன்."

மறுபக்கம் பேச்சில்லை. காற்று அடித்தது. ஏதோ ஒரு வண்டி தூரத்தில் போனது. யாரோ மூச்சுவிடுவது கேட்டது. அவள் இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மைக்கு முட்டுவலி குறைஞ்சிருக்கு" என்றாள்.

மூச்சு நின்றது. பிறகு ஒரு கிழவரின் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது. "ஐஸ் கம்பெனிதானே மக்கா இது? பொழியூரிலிருந்து பேசுதேன். ஐஸ் உண்டா?"

"உண்டு" என்றாள் குளோரி.

கிழவர் வைத்துவிட்டார். அவள் வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சுயம்பு ஒரு ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். சிமென்ட் தரையில் அது போன வழி ஈரமாக ஒரு கோடு விழுந்தது. அவர் லாரியை எட்டுவதற்குள் கோட்டின் முதல்பாதி காய்ந்துவிட்டிருந்தது.